எனக்கு நானே வாங்கிய பொன்னாடை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல். குழந்தைகள் காப்பகத் திறப்பு விழாவில் எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடையை வாங்கியவன் நான்தான்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடை. உள்ளே ஊதுபத்தியும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசனை. “பொன்னாடை வேணும்” என்றேன்.

“யாருக்கு சார்?”

“ஒரு பெரியவருக்கு.”

“ஆளு செவப்பா, கருப்பா? கருப்புன்னா இந்த மெரூன் எடுக்காது சார்.”

“ஏறக்குறைய என்னை மாதிரிதான் இருப்பார்.”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சந்தன நிறத்தில் பச்சைக் கரை போட்ட ஒன்றை உதறி, என் தோளிலேயே போர்த்திக் காட்டினார். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் நின்ற பெரியவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பேரம்கூடப் பேசவில்லை.

விழா தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பொட்டலத்தை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். காப்பகத்தை நடத்துபவர் அவர்தான். நாற்பதைத் தாண்டியவர். எதையும் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, புரியாத மாதிரி நிற்கத் தெரிந்தவர்.

“விழான்னா இதெல்லாம் ஒரு முறை ஸ்டெல்லா. நன்கொடை கொடுத்தவங்களுக்குப் போர்த்தணும்.”

“ஆறு பேரு வந்துகினு கீறாங்க. இது ஒண்ணுதானே சார் கீது?”

“மூத்தவர் யாராவது ஒருத்தருக்குப் போர்த்தினால் போதும்.”

“யாரு சார் மூத்தவரு?”

நான் புதிதாக மாட்டியிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“செரி சார்” என்றார் ஸ்டெல்லா.

மேடையில் அவர் அதைப் போர்த்தியபோது நான் முகத்தில் வரவழைத்த திகைப்பு நன்றாகவே அமைந்தது. முந்தின நாள் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

மஞ்சள் கார்டு, நீலக் கார்டு

கதை அங்கே தொடங்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு தொடங்கியது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஸ்டெல்லா ஒரு வாடகை வீட்டின் கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். ஐந்தே காலுக்கு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கும். முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார்கள், பாயில் கிடத்துவார்கள், பால் புட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓடுவார்கள். கூடத்தில் டெட்டால் வாசனையும் கேழ்வரகுக் கஞ்சி வாசனையும் எப்போதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

“எங்கம்மா இதே எடத்துல நாத்து நட்டுது சார்” என்று ஒருமுறை சொன்னார் ஸ்டெல்லா. “யாரோ ஒருத்தர் நெலம். என்னிய வரப்புல துணி விரிச்சிப் போட்டுட்டு வேல செய்யும். இப்ப கம்பெனி வந்துச்சு, வரப்பு போச்சு. கொழந்தைய எங்க போடறது? அதான் நான் வரப்பு ஆயிட்டேன்.”

இதைவிட நல்ல வாக்கியத்தை நான் முப்பது வருட எழுத்தில் எழுதியதில்லை. அதை என் கட்டுரை ஒன்றில் என்னுடையதுபோல் போட்டுக்கொண்டது தனிக்கதை.

அங்கேதான் தேவியைப் பார்த்தேன். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் லாரியில் கிளீனர். வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாளே அதிகம். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார் தேவி.

“இப்ப மஞ்ச கார்டு சார். லீவு போடாம, லேட்டு ஆவாம ஓட்டிட்டோம்னா பர்மனன்ட்டு பண்ணுவாங்க. அப்ப நீலக் கார்டு. நீலம்னா ஆஸ்பத்திரி செலவு, பிஎஃப்பு எல்லாம் உண்டு. எங்க வூட்டுல யாரும் இதுவரிக்கும் நீலம் போட்டதில்ல.”

கழுத்தட்டையின் நிறம் மாறுவதற்காக ஒரு குடும்பம் இரண்டு தலைமுறை காத்திருக்கிறது என்பதை நான் அப்போது ஒரு சுவையான தகவலாகக் குறித்துக்கொண்டேன். அதுதான் என்னிடம் உள்ள கோளாறு. எதையும் குறித்துக்கொள்வேன்.

ஸ்டெல்லா எங்கள் நண்பர் குழுவிடம் கேட்டது மிகச் சிறியது. “ஒரே ஒரு ஆயாவுக்கு சம்பளம் குடுங்க சார். கன்னியம்மான்னு ஒருத்தி கீறா, நல்லா பாத்துக்குவா. மூணு வருசம் போதும். அதுக்குள்ள இந்தப் பொண்ணுங்க நெறைய பேரு பர்மனன்ட்டு ஆயிடும். அப்பால அதுங்களே சேந்து ஆயாவுக்குக் குடுத்துக்கும். உங்க துட்டே வேணாம்.”

இப்போது எழுதும்போது தெரிகிறது: அதற்கு மேல் தெளிவாக யாராலும் திட்டம் போட முடியாது. எத்தனை நாள் கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்தலாம், நிறுத்திய பிறகு எது தானாக ஓடும் எல்லாம் அதில் இருந்தன. அதில் இல்லாதது ஒன்றே ஒன்று. எங்கள் பெயரை எழுத இடம் இல்லை.

பல் டாக்டரின் தத்துவம்

சென்ற வாரம் என் கடைவாய்ப் பல் போன கதையில் வந்த டாக்டர் சம்பந்தத்தை மறந்திருந்தாலும் பரவாயில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறார். எங்கள் ஆறு பேர் நண்பர் குழுவின் தலைவர். கூட்டம் அவருடைய மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், ஈறு நோய்ப் படத்துக்குக் கீழே நடக்கும்.

“சம்பளம்ங்கறது ஐஸ் கட்டி சார்” என்றார் டாக்டர். “கொடுக்கக் கொடுக்கக் கரையும். மூணு வருஷம் கழிச்சு என்ன மிஞ்சும், சொல்லுங்க? கட்டடம்னா நிக்கும். எங்கிட்ட ரோட்டோரம் கொஞ்சம் இடம் சும்மாதான் கிடக்கு.”

தன்னிடம் வரும் நோயாளிகள் ஒவ்வொரு ஆறு மாதமும் திரும்பி வந்தால்தான் பல் நிலைக்கும் என்று சுவரில் எழுதி வைத்திருப்பவர் அவர். இது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

நான் என் பங்குக்குப் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். மாதாமாதம் கொடுத்தால் மனிதர்கள் கையேந்தப் பழகிவிடுவார்கள் என்றேன். மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்றேன்.

இந்த மீன் உபதேசத்தால் எனக்கு ஏற்கெனவே ஒரு காயம் உண்டு. கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் ஒரு பொதுக்கூட்டம். பேச்சு வேகத்தில் இதே வசனத்தை வீசினேன். முன்வரிசையில் லுங்கியோடு உட்கார்ந்திருந்த ஒரு மீனவர் எழுந்தார்.

“அண்ணாத்த, மீன் புடிக்க நீ எங்களுக்குச் சொல்லிக் குடுக்கப் போறியா?”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “புடிக்க எங்களுக்குத் தெரியும். டீசலுக்கும் ஐசுக்கும் இன்னா வழின்னு சொல்லு. அது தெரியலன்னா குந்து.”

குந்தினேன். ஆனால் கற்றுக்கொள்ளவில்லை. குந்துவது வேறு, கற்றுக்கொள்வது வேறு. ஸ்டெல்லா கேட்டதும் டீசலும் ஐசும்தான். நாங்கள் படகுத்துறைக்கு அலங்கார வளைவு கட்டப் புறப்பட்டோம்.

ஆயிரம் வருடம் நிற்கும் எழுத்து

கோயில் டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தை மறைப்பவர்களைக் கேலி செய்து இதே பத்திரிகையில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் சன்மானம் வாங்கியிருக்கிறேன். அந்த நான்தான் கல்வெட்டுக்கு மாமல்லபுரம் போனேன்.

பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலை. உளிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி அங்கே எல்லோருக்கும் குரல் பெரிது. கருங்கல் பலகை ஒன்றைக் காட்டி, எழுத்து எத்தனை நாள் நிற்கும் என்று பட்டறைக்காரரைக் கேட்டேன்.

அவர் கையிலிருந்த உளியால் கடற்கரைப் பக்கம் காட்டினார். “இந்த ஊர்ல வந்து கேக்கற கேள்வியா சார் இது?”

பிறகு, வாயில் இருந்த புகையிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “எழுத்து நிக்கும். கட்டடத்துக்கு நான் பொறுப்பில்ல.”

யார் பெயர் முதலில் என்பதில் எங்கள் குழு கிட்டத்தட்ட உடைந்தது. இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் வயது வரிசை என்று முடிவானது. வாழ்நாள் முழுக்க வயதைக் குறைத்துச் சொல்லிவந்த டாக்டர், அன்று முதல் முறையாக இரண்டு வயது கூட்டிச் சொன்னார். ஆக, கல்லில் அவர் மூத்தவர். சால்வையில் நான்.

கல்வெட்டில் ஸ்டெல்லாவின் பெயர் இல்லை. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. இடமும் போதவில்லை என்று அப்போது எங்களுக்குத் தோன்றியது.

முறை தெரிந்தவர்கள்

கட்டடம் அழகாகவே வந்தது. சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி. பெயின்ட் வாசனை போக ஒரு மாதம் ஆயிற்று. ஸ்டெல்லா வாடகைக் கூடத்தை விட்டுவிட்டு, கன்னியம்மாவோடும் குழந்தைகளோடும் அங்கே குடிபெயர்ந்தார்.

விழா முடிந்து காரில் திரும்பும்போதே டாக்டர் ஆரம்பித்தார். “உங்களுக்கு மட்டும் போர்த்தியதில் எனக்கு ஒண்ணும் இல்லை சார். ஆனா மத்தவங்க மனசு? அந்தம்மாவுக்கு முறை தெரியணும் இல்லையா?”

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தச் சால்வை என்னுடையது, காப்பகத்துக்கு அந்தச் செலவு வேண்டாம் என்று ஒரு வரி. சொன்னால் மானம் போகும். சொல்லாததால் போனது என்னுடையது அல்ல.

முறை எப்படியோ ஸ்டெல்லாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் டாக்டர் போனபோது அவருக்குச் சால்வை காத்திருந்தது. பிறகு மற்றவர்களுக்கு. பிறகு அவர்கள் அழைத்துவந்த மைத்துனர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த மகன்களுக்கு. எங்கள் குழுவில் பிறந்தநாள், மணநாள் எல்லாம் காப்பகத்தில் நடக்கத் தொடங்கின. விருந்தாளி வரும்வரை குழந்தைகள் கேக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வந்தால் பாட்டு, சால்வை, வடை, டீ, போட்டோ. எனக்கும் அந்த வகையில் இன்னும் பத்துப் பதினோரு சால்வைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் திகைத்தேன்.

சால்வை எதிலிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஆயா சம்பளத்தை நாங்கள் கொடுக்காததால், தேவியைப் போன்ற பெண்கள் மாதாமாதம் கொடுத்த சிறு தொகைதான் கன்னியம்மாவின் சம்பளம். அதிலிருந்துதான் சால்வை வந்தது. புதுக் கட்டடத்தின் கரண்ட் பில்லும் வந்தது. பழைய கூடத்தில் இரண்டு பல்பு, ஒரு ஃபேன். இங்கே நாங்கள் தாராளமாக எட்டு ஃபேன் மாட்டியிருந்தோம்.

கன்னியம்மா இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா எங்களிடம் சொல்லவில்லை. இலவசமாகக் கட்டடம் கொடுத்தவர்களிடம் போய் பில் கட்ட முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்தப் பில்லைக் கட்டுவதற்காக, விடிகாலையில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமைக்கப் போகத் தொடங்கினார். காப்பகம் ஏழு மணிக்குத் திறந்தது.

ஏழு மணிக்கு முதல் ஷிப்டு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இரண்டு மணி நேரம்

இது எதுவும் தெரியாமல்தான் ஒருநாள் விடிகாலை நான் அங்கே போய் நின்றேன். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் அன்று காலை எனக்குப் பேச்சு. தலைப்பு: சமூக சேவையில் இளைஞர்கள். மேடையில் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கும் காட்சியைச் செல்போனில் பிடிக்கலாம் என்று திட்டம்.

கதவு பூட்டியிருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து மட்டும் தெருவிளக்கில் தெரிந்தது. படியில் தேவி, தோளில் குழந்தை.

“இன்னும் திறக்கலையா?” என்றேன்.

“அக்கா ஏழு மணிக்குத்தான் சார் வருது, ரெண்டு வாரமா. பக்கத்து வூட்டு ஆயாகிட்ட வுட்டுட்டு ஓடிகினு இருந்தேன். அது நேத்து சாவுக்குன்னு ஊருக்குப் போய்ட்ச்சு. ஒருவேள அக்கா சீக்கிரம் வந்திருக்குமான்னு வந்தேன்.”

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. தேவி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூட்டிய கதவைப் பார்த்தார். உள்ளே சுவரில் என் படம் மாட்டியிருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“சார், ரெண்டு மணி நேரம் புள்ளய வெச்சுக்கிறீங்களா? தூங்கிகினுதான் கீது. அழாது. புட்டியில பால் கீது. அக்கா வந்தா குடுத்துட்டுப் போயிடலாம். ஏற்கெனவே ரெண்டு தபா லேட்டு சார். இன்னொருவாட்டின்னா கார்டப் புடுங்கிடுவாங்க.”

குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் பவுடர் திட்டு.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எனக்கு ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் இருக்கேம்மா. குழந்தையைப் பார்த்துப் பழக்கமும் இல்லை.”

ஐந்தேகாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தேவி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. நாலைந்து பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி படியில் நின்று, “தேவீ, வரியா இல்லியா?” என்று கத்தினாள். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். பஸ் போய்விட்டது.

நான் காப்பகத்துக்கு இரண்டு ஜன்னல், எட்டு ஃபேன், ஒரு கல்வெட்டு எல்லாவற்றிலும் ஆறில் ஒரு பங்கு கொடுத்தவன். அன்று தேவைப்பட்டது இரண்டு மணி நேரமும் ஒரு தோளும்.

கல்லூரியில் அன்று நன்றாகப் பேசினேன். சால்வை போர்த்தினார்கள்.

பிறகு

நீலக் கார்டு வரவில்லை. மஞ்சள் கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். காப்பகம் இன்னும் சில மாதம் இழுத்துக்கொண்டு கிடந்தது. கம்பெனிப் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இப்போது டாக்டர் அந்தக் கட்டடத்தைப் பந்தல்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. கல்வெட்டு அப்படியே இருக்கிறது. ஓர் எழுத்துகூடப் போகவில்லை. பட்டறைக்காரர் சொன்னது சரி.

தேவியை ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார். அங்கே பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாமாம். நான் அந்தக் காலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“நீங்க இன்னா சார் பண்ணுவீங்க” என்றார் தேவி. “உங்களுக்கு ஆயிரம் வேல.”

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அன்றிரவு சாப்பிட்டிருப்பேன்.

ஸ்டெல்லா மறுபடி ஒரு வாடகைக் கூடம் பிடித்திருக்கிறார். ஐந்து மணிக்குக் கதவு திறக்கிறது. ஏழெட்டுக் குழந்தைகள். புது ஆயா ஒருத்தியின் சம்பளத்தை நானும் டாக்டரும் பாதிப் பாதி மாதாமாதம் அனுப்புகிறோம். “கொடுக்கறது கண்ணுக்கே தெரியலையே சார்” என்று டாக்டர் இன்னமும் குறைப்படுகிறார். ஆனால் அனுப்பிவிடுகிறார். மூன்று வருடம் என்று ஸ்டெல்லா சொன்ன அதே திட்டம்தான். அது தேவிக்கு வேண்டியிருந்தபோது நாங்கள் செய்யவில்லை. அந்தக் கூடத்துக்கு இப்போது வரும் பெண்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

போன மாதம் பீரோவைக் காலி செய்தபோது சால்வைகள் மொத்தமாக அகப்பட்டன. ஒரு யோசனை வந்தது. இத்தனை துணி, குழந்தைகளுக்குத் தூளி கட்ட ஆகுமே. எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்த மாதிரியும் இருக்கும். மூட்டையாகக் கட்டி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

ஸ்டெல்லா மூட்டையை அவிழ்த்து, மேலே இருந்த சந்தன நிறச் சால்வையை எடுத்தார். அடையாளம் தெரிந்திருக்கும். பச்சைக் கரையில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“தூளிக்கு ஆவாது சார். ஜரிக, புள்ள ஒடம்புல குத்தும்.”

“தரை துடைக்கவாவது...”

“பாலிஸ்டரு. தண்ணிய இழுக்காது.” மடித்து, மறுபடி மூட்டையில் வைத்து முடிச்சுப் போட்டு, என் பக்கம் தள்ளினார். “நீங்களே போத்திக்கோங்க.”